போரில் உயிர்விட்ட வீரர்களுக்குச் சாதாரண ஆள் எப்படி நன்றி காட்டுவது?

குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் ஸ்டேட்டஸ் வைத்துவிட்டு, இது போதாதே என்ற உறுத்தலில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த உறுத்தல் உங்களுக்கு இருப்பதே எனக்குப் பெரிய விஷயம்.

என் அப்பா ராணுவத்தில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 16-ஆவது பட்டாலியன்காரர். 1971 பாகிஸ்தான் போரில், மேற்கு எல்லைப் பக்கம் பசந்தர் ஆற்றங்கரையில் சண்டை போட்டவர். ஊருக்குத் திரும்பிய பிறகு சொந்தபந்தம் அவரிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "மிலிட்டரி சரக்கு கிடைக்குமா?" கல்யாண வீடு, காதுகுத்து, எங்கே போனாலும் இதே கேள்வி. சண்டையைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை, அவரும் வாய் திறக்கவில்லை.

தம்பிக்கு டெல்லியில் வேலை கிடைத்ததும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். இந்தியா கேட் பக்கத்தில் 2019-இல் திறந்த தேசியப் போர் நினைவிடம் இருக்கிறது. வட்டமான சுவர்களில் கல் கல்லாக 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். அப்பா ஒரே ஒரு பெயரைத்தான் தேடினார். அவரோடு பயிற்சி எடுத்த பக்கத்து ஊர்க்காரர். பெயர் அகப்பட்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு, கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அங்கேயே நின்று பேச ஆரம்பித்தார். டிசம்பர் 15-ஆம் தேதி ராத்திரி, எலும்பைத் துளைக்கிற குளிர், கால் வைக்கிற இடமெல்லாம் கண்ணிவெடி.

"பதினாறாம் தேதி கிழக்கே டாக்கால பாகிஸ்தான்காரங்க சரண்டர்ம்மா. எங்க பக்கம் அன்னைக்குத்தான் டேங்க் மேல டேங்கா வந்துது. இவன் அன்னைக்குத்தான் போனான்."

அதே பசந்தரில், அதே நாளில்தான் டேங்க் படை அதிகாரி அருண் கேதர்பால் 21 வயதில் தன் டேங்கிலேயே உயிர்விட்டார். போர் வீரத்துக்கான நாட்டின் உயரிய விருதான பரம் வீர் சக்ரா கொடுத்தார்கள். மேற்கு எல்லையில் சண்டை நின்றது 17-ஆம் தேதி இரவு 8 மணிக்கு. டிசம்பர் 16-ஐ நாடே வெற்றி நாளாகக் கொண்டாடும்போது அப்பா மட்டும் ஏன் அன்றைக்குச் சாப்பிட மாட்டார் என்பது டெல்லியில்தான் எனக்கு விளங்கியது.

போரைப் புகழ்கிறேன் என்று யாராவது சண்டைக்கு வருவீர்கள். போர் வேண்டாம் என்று எங்கள் வீட்டில் முதலில் சொல்கிறவரே அப்பாதான். அனுப்பியது அரசாங்கம், போய் நின்றவன் இருபது வயதுப் பையன். அவனை நினைப்பதற்கும் அரசியலுக்கும் சம்பந்தமில்லை.

     

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். டிசம்பர் 7 கொடி நாளுக்கு முடிந்ததைக் கொடுங்கள், அது முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்குப் போகிறது. உங்கள் தெருவிலும் ஒரு மிலிட்டரிக்காரர் இருப்பார். எந்த ரெஜிமென்ட், எங்கெல்லாம் இருந்தீர்கள், கூட இருந்தவர்கள் யார் என்று கேளுங்கள். முதல் நாளே சொல்லிவிட மாட்டார். திரும்பவும் போங்கள், பாட்டில் பேச்சை மட்டும் எடுக்காதீர்கள்.