சாட்சிகள் சொல்வது ஒத்துப்போகாவிட்டால் வழக்கு நிற்குமா?

கேள்வி: கோத்தகிரிக்கு அருகே ஒரு ஹட்டியில் (படகர் ஊர்) வசிக்கிறேன். 2024 நவம்பரில் ஒரு மாலை, தேயிலைக் காட்டு வழித்தடத் தகராறில் பக்கத்து வீட்டுக்காரரை ஒருவர் தாக்கியதைப் பார்த்தேன். தாக்கியவர் கையில் ஏதோ இருந்தது. மஞ்சு மூடியிருந்ததால் தடி என்று நினைத்து, போலீசாரிடமும் அப்படியே சொன்னேன். கவாத்துக் கத்தியால் (செடியின் கிளைகளை நறுக்கும் கத்தி) வெட்டியதாக அடிபட்டவர் சொல்கிறார். நான் ஆறு மணி என்றேன். அவருடைய தம்பி ஏழு மணி என்கிறார். அடுத்த மாதம் சாட்சி சொல்ல சம்மன் வந்திருக்கிறது. மூவரும் ஒரே மாதிரி சொல்லாவிட்டால் வழக்கு தோற்கும், என் மீதே பொய்ச்சாட்சி வழக்கு வரும் என்று பயமுறுத்துகிறார்கள். முன்கூட்டியே உட்கார்ந்து பேசி ஒன்றாக்கிக் கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் எழுதியவற்றுள் வழக்கை உண்மையிலேயே கெடுக்கக்கூடியது அந்தக் கடைசி யோசனை ஒன்றுதான். தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு கொலை வழக்கில், சாட்சிகளைக் காவல் நிலையத்துக்கு அழைத்து எப்படிச் சாட்சியம் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்திருந்தது வெளிப்பட்டதால், அவர்களின் சாட்சியத்தை நம்பித் தண்டிக்க முடியாது என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சொல்லிக்கொடுத்தவர் காவலர் என்றாலும் உறவினர் என்றாலும், குறுக்கு விசாரணையில் அது வெளிப்படும்போது விளைவு பெரும்பாலும் ஒன்றுதான்.

நீதிமன்றம் முரண்பாடுகளை எண்ணிப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு முரண்பாடும் எதைத் தொடுகிறது என்று பார்க்கிறது. யார் தாக்கினார், யாரைத் தாக்கினார், சாட்சி அந்த இடத்தில் இருந்தாரா என்பவை வழக்கின் அடிப்படை. இவற்றில் சாட்சிகள் முரண்பட்டு, அதற்கு ஏற்கத்தக்க விளக்கமும் இல்லையென்றால், சந்தேகத்தின் பலன் எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, போகும். நேரம், தூரம், எத்தனை அடி, யார் முதலில் ஓடிவந்தார் என்பவற்றில் வரும் வேறுபாடு பொதுவாக அடிப்படையைத் தொடாது. நடந்ததை ஒளிநாடாவை ஓட்டிப் பார்ப்பதுபோல யாராலும் நினைவிலிருந்து மீட்டுச் சொல்ல முடியாது என்றும், நேரத்தை மக்கள் உத்தேசமாகவே சொல்வார்கள் என்றும் உச்ச நீதிமன்றம் 1983-இல் ஒரு குஜராத் வழக்கில் விளக்கியது இன்றுவரை எடுத்துக்காட்டப்படுகிறது.

உங்கள் ஆறு மணியும் அடிபட்டவருடைய தம்பியின் ஏழு மணியும் அந்த வகையைச் சேர்ந்தவையே. தோட்டத்தில் வேலை செய்பவர் இலை எடை போட்டு முடிந்ததை வைத்தும், கடையில் நின்றவர் கடைசிக்கு முந்தைய பேருந்தை வைத்தும் நேரத்தைக் கணிப்பார். விசாரணை அதிகாரி அதை மணியாக மாற்றி எழுதிக்கொள்வார். நீங்கள் எதை வைத்து ஆறு என்று சொன்னீர்களோ அதையே நீதிமன்றத்தில் சொல்லுங்கள்.

ஆனால் நேரம் வேறொரு வழியாக முக்கியமாகிவிடலாம். நவம்பரில் நீலகிரியில் ஆறு மணியளவில் சூரியன் மறைந்துவிடும். மஞ்சும் இறங்கியிருந்தால் பத்தடி தள்ளி நிற்பவரைக்கூட அடையாளம் காண்பது கடினம். எதிர்த் தரப்பு வழக்கறிஞர் அங்கேதான் பிடிப்பார்: எவ்வளவு தூரத்தில் நின்றீர்கள், தெருவிளக்கு எரிந்ததா, முகத்தைப் பார்த்தீர்களா, சத்தத்தை மட்டும் கேட்டீர்களா? முன்பின் தெரியாதவரை இருட்டில் அடையாளம் காட்டுவதை நீதிமன்றம் எளிதில் ஏற்பதில்லை. பல ஆண்டுகளாக ஒரே ஊரில் பழகியவரைக் குரலையும் நடையையும் கொண்டு அறிந்தேன் என்பதைத் தக்க எச்சரிக்கையோடு ஏற்பதுண்டு. முகம் தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்றே சொல்லுங்கள்.

தடியா கத்தியா என்பது இவற்றைவிடக் கனமான கேள்வி. இதில் மருத்துவரின் காயச் சான்றிதழ் பேசும். கூரான ஆயுதம் பட்ட காயத்தின் ஓரங்கள் சீராக இருக்கும். தடி பட்ட காயம் கிழிந்து, ஓரங்கள் ஒழுங்கற்று இருக்கும். எலும்பை ஒட்டித் தோல் இருக்கும் தலையில் மட்டும், தடியடியும் சில சமயம் வெட்டுப்போலத் தோன்றும் என்பதால், மருத்துவரையும் இது குறித்துக் குறுக்கு விசாரணை செய்வார்கள். கண்ணால் கண்ட சாட்சியம் நம்பத்தக்கதாக இருந்தால், மருத்துவச் சான்று அப்படி நடந்திருக்கவே முடியாது என்று காட்டினாலொழிய, கண்டவர் சொல்லுக்கே முதலிடம். அடிபட்டவரின் சாட்சியத்துக்குத் தனி மதிப்பும் உண்டு, ஏனெனில் அவர் அந்த இடத்தில் இருந்ததைக் காயமே காட்டுகிறது. ஆகவே, கையில் ஏதோ இருந்தது, மஞ்சில் தடி என்று நினைத்தேன் என்று நீங்கள் சொல்வது அவருடைய சாட்சியத்தை அழித்துவிடாது. மாறாக, கூண்டில் ஏறி முதல்முறையாகக் ‘கத்தியைப் பார்த்தேன்’ என்றால், போலீஸ் வாக்குமூலத்தில் அது இல்லாததைக் காட்டி, பிற்பாடு சேர்த்த மெருகு என்பார்கள். உங்கள் சாட்சியத்தில் மெய்யான பகுதியும் அதோடு சேர்ந்து ஒளி குன்றும்.

அந்த வாக்குமூலம் பற்றி ஒரு விளக்கம். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 181-ஆம் பிரிவின்படி, போலீசார் எழுதும் அந்த வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்திடக் கூடாது. நீங்கள் கூண்டில் சொல்வதற்கு மாறாக அதில் இருப்பதை எடுத்துக்காட்டத்தான் எதிர்த் தரப்பு அதைப் பயன்படுத்தலாம். அப்போதும் முரணான பகுதியை உங்களுக்குக் காட்டிக் கேட்க வேண்டும் என்று சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 148-ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் மறுத்தால், அப்படிச் சொன்னது உண்டா என்று விசாரணை அதிகாரியிடம் கேட்டு நிரூபித்த பிறகே அது முரணாகக் கணக்கில் வரும்.

சாட்சிகளின் எண்ணிக்கை பற்றியும் கவலை வேண்டாம். இத்தனை பேர் வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. முத்துப்பேட்டையில் தேநீர்க் கடைக்காரர் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில், அவர் மனைவியின் சாட்சியத்தை மட்டுமே கொண்டு தண்டனையை 1957-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. முழுதும் நம்பத்தக்கவர், முழுதும் நம்பத்தகாதவர், இரண்டுக்கும் இடைப்பட்டவர் எனச் சாட்சிகளைப் பிரித்து, மூன்றாம் வகையினருக்கு மட்டும் வேறு ஆதாரத்தின் துணை தேடச் சொன்ன தீர்ப்பும் அதுவே. அடிபட்டவரின் தம்பி உறவினர் என்பதற்காகவே அவரை ஒதுக்கிவிடவும் மாட்டார்கள். கூடுதல் கவனத்தோடு பார்ப்பார்கள்.

பொய்ச்சாட்சி வழக்கு என்பது தெரிந்தே பொய் சொன்னவருக்கு. தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 229-ஆம் பிரிவு ஏழாண்டு வரை தண்டனை விதிப்பது உண்மைதான். ஆனால் நீதியின் நலனுக்கு அது அவசியம் என்று நீதிமன்றம் கருதினால்தான் நடவடிக்கை தொடங்கும். இருவர் சொல்வது வேறுபடுவதாலேயே ஒருவர் பொய்யர் ஆகிவிடுவதில்லை.

சாட்சியம் முடிந்ததும் பதிவானதை உங்களுக்குப் படித்துக் காட்டுவார்கள். அவசரப்படாமல் கேளுங்கள், ‘நினைத்தேன்’ என்று நீங்கள் சொன்னது ‘பார்த்தேன்’ என்று பதிவாகியிருந்தால், கையெழுத்துப் போடும் முன்பே நடுவரிடம் சொல்லித் திருத்தக் கேளுங்கள்.