முதல் ட்ரையத்லானுக்கே ஹாஃப் போகலாமா, ஸ்பிரின்ட் போதுமா?

ட்ரையத்லான் என்றால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து ஒரே பந்தயமாக முடிப்பது. அதில் ஸ்பிரின்ட் சின்ன தூரம், ஹாஃப் பெரிய தூரம். இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு வருடமாக ஓடுகிறார். சைக்கிள் இருக்கிறது. நீச்சல் சில மாதங்களுக்கு முன்புதான் பழகியிருக்கிறார். நண்பர்கள் எல்லாரும் ஹாஃப் அயர்ன்மேன் தூரத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டார்களாம். தான் மட்டும் ஸ்பிரின்ட் என்றால் கேவலமாக இருக்குமோ என்று கேட்டிருக்கிறார். அந்தக் கடைசி வரியைப் படித்த பிறகு பதில் எழுதாமல் போக மனசு வரவில்லை.

ஸ்பிரின்ட் போங்கள்.

நான் கோச் இல்லை. பரிசு மேடை ஏறியதும் இல்லை. ஆபீஸ், குழந்தை, வீட்டு வேலை போக மிஞ்சுகிற நேரத்தில் பயிற்சி செய்கிறவன். "என் மச்சான் முதல் ரேஸே ஃபுல் முடித்தான்" (ஃபுல் அயர்ன்மேன், ஹாஃப்பைப்போல் இரண்டு மடங்கு) என்று கமென்ட்டில் வரப்போகிறவர்களுக்கு இப்போதே ஒரு கும்பிடு. மச்சான் பள்ளியில் நீச்சல் போட்டிக்குப் போனவரா என்று மட்டும் விசாரித்துவிட்டு வாருங்கள்.

தூரங்களை ஒருமுறை பார்த்துவிடலாம். ஸ்பிரின்ட் என்றால் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். ஒலிம்பிக் தூரம் இதைப்போல் சரியாக இரண்டு மடங்கு: 1.5, 40, 10. ஹாஃப்பில் 1.9 கிலோமீட்டர் நீந்தி, 90 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, 21.1 கிலோமீட்டர் ஓட வேண்டும். புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான். எல்லாருக்கும் பயம் தண்ணீரில்தான் இருக்கும். ஒலிம்பிக்குக்கும் ஹாஃப்புக்கும் நீச்சலில் 400 மீட்டர்தானே வித்தியாசம், அதையும் சமாளித்துவிடலாம் என்று பட்டனை அமுக்கிவிடுவார்கள். சைக்கிளும் ஓட்டமும் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருப்பது கண்ணில் படாது.

எங்கள் பயிற்சிக் குழுவிலும் இதே கதைதான். ஒரே நாளில், ஒரே இடத்தில் ஹாஃப்பும் ஸ்பிரின்ட்டும் நடந்தன. குழுவே ஹாஃப்புக்குப் போக, நான் மட்டும் ஸ்பிரின்ட். "என்ன தலைவரே, எங்களுக்கு வார்ம்-அப் காட்ட வர்றீங்களா?" என்றார் ஒருவர். நல்ல மனிதர், என்னைவிட நன்றாக நீந்துவார். நான் சிரித்து வைத்தேன். ஆனால் தூரத்தை மாற்றவில்லை. வாரத்துக்கு ஐந்து மணி நேரம் ஒதுக்குவதற்குள் எனக்கு மூச்சு முட்டியது. ஹாஃப்புக்கு அதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேண்டும், அது என்னிடம் இல்லை. இதில் கேவலப்பட என்ன இருக்கிறது?

ரேஸ் அன்று நீச்சலில் முதல் மிதவையைச் சுற்றித் திரும்பும்போது கூட்டம் நெருக்கியது. முன்னால் போனவரின் குதிகால் என் கண்ணாடியில் பட்டு இடது பக்கம் தண்ணீர் ஏறிவிட்டது. மல்லாந்து மிதந்து, கண்ணாடியைத் தூக்கித் தண்ணீரை வடித்து, மாட்டிக்கொண்டு மறுபடி நீந்தினேன். இதை ஏரி, கடல் மாதிரித் திறந்த நீரில் வேண்டுமென்றே செய்து பழகியிருந்தேன். 750 மீட்டர்தான் என்பதால் பயிற்சியில் இந்த மாதிரிச் சின்ன விஷயங்களுக்கு நேரம் கிடைத்தது. சைக்கிளை விட்டு இறங்கியதும் முதல் ஒரு கிலோமீட்டருக்குக் கால் என் பேச்சைக் கேட்கவே இல்லை. இதுவும் சைக்கிள் முடிந்த கையோடு ஓடிப் பழகியதால் தெரிந்த சங்கதி, பதறவில்லை. ஐந்து கிலோமீட்டரும் நடக்காமல் ஓடி முடித்தேன். அந்தப் பெருமை இன்னும் இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை.

குளித்து, உடை மாற்றி, ஹாஃப் ஓட்டப் பாதையின் ஓரத்தில் போய் நின்றேன். வார்ம்-அப் என்று கிண்டலடித்த நம்ம ஆள் நடந்து வந்தார். தொப்பியைக் கழற்றி ஐஸ் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டே, "கால் நல்லாத்தான் இருக்கு தலைவரே, வயித்துலதான் எதுவும் நிக்க மாட்டேங்குது" என்றார். பயிற்சியில் 50 கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் மிதித்ததில்லையாம். ஓட்டத்தில் தெம்பு வேண்டுமென்று சைக்கிளின் கடைசி அரை மணி நேரத்தில் சர்க்கரை நிறைந்த எனர்ஜி ஜெல்லாக உள்ளே தள்ளியிருக்கிறார். கடும் உழைப்பில் ரத்தமெல்லாம் தசைக்கும் தோலுக்கும் போய்விடும். வயிற்றுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அவ்வளவு சர்க்கரையை ஒரே நேரத்தில் அது எப்படி வாங்கும்? மணிக்கணக்கில் மிதித்துக்கொண்டே சாப்பிடுவதையும் தனியாகப் பழக வேண்டும். ஸ்பிரின்ட்டில் அந்தத் தொல்லை அநேகமாக இல்லை. கடைசியில் கட்-ஆஃபில், அதாவது கெடு நேரம் தாண்டியதால், அவரை நிறுத்திவிட்டார்கள். நக்கலுக்காக இதை எழுதவில்லை. அவர் இன்றைக்கும் என்னைத் தலைவரே என்றுதான் கூப்பிடுகிறார், கிண்டலும் குறைந்தபாடில்லை.

கட்-ஆஃப் என்றதும் ஒரு கணக்கு. ஹாஃப்பில் பொதுவாக நீச்சலுக்கு 1 மணி 10 நிமிடம், மொத்தத்துக்கு எட்டரை மணி நேரம் கொடுப்பார்கள். ரேஸுக்கு ரேஸ் மாறும், விதிமுறையைப் படித்துவிடுங்கள். 100 மீட்டருக்கு மூன்று நிமிடம் என்றால் நீச்சல் 57 நிமிடம். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் 3 மணி 36 நிமிடம். காகிதத்தில் எல்லாம் அழகாக வரும். ஆனால் திறந்த நீரில் யாரும் கோடு போட்ட மாதிரி நீந்துவதில்லை. எதிர்க்காற்று வந்தால் அந்த 25 எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும்.

ஃபுல் தூரத்தை ஏதோ வேத வாக்கு போலப் பேசுகிறவர்களுக்கு ஒரு தகவல். 1978இல் ஹவாயில் அது தொடங்கியபோது, அங்கே ஏற்கெனவே தனித்தனியாக நடந்துவந்த ஒரு நீச்சல், ஒரு சைக்கிள் சுற்று, ஒரு மாரத்தான் மூன்றையும் சேர்த்துத்தான் நாள் முழுக்க ஒரு பந்தயமாக்கினார்கள். 15 பேர் தொடங்கினார்கள், 12 பேர் முடித்தார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்களும் பெண்களும் சேர்ந்த ட்ரையத்லான் கலப்பு ரிலேயில் ஒருவருக்கு 300 மீட்டர் நீச்சல், 6.8 கிலோமீட்டர் சைக்கிள், 2 கிலோமீட்டர் ஓட்டம்தான். அந்தப் பதக்கக்காரர்களிடம் போய் "இவ்வளவுதானா?" என்று கேட்டுப் பாருங்களேன்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நீச்சல் குளத்தில் லேனின் முனையில் சுவரில் சாய்ந்துகொண்டு அரட்டை அடிப்பவர்களே, திரும்புகிற இடம் அது! விடிவதற்குள் எழுந்து வந்து நான் நீந்துவது உங்கள் முதுகைத் தொட்டுத் திரும்புவதற்கா? சொன்னால் "பக்கத்து லேன் காலிதானே சார்" என்கிறார்கள். காலியாக இருந்தால் நீங்கள் அங்கே போய் நில்லுங்களேன்.

சரி, உங்கள் விஷயம். முதலில் ஸ்பிரின்ட். உடம்பு நன்றாக இருந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து ஒலிம்பிக் தூரம். மூன்று மணி நேரம் சைக்கிள் மிதித்து, சாப்பிட்டது வயிற்றில் நின்று, இறங்கி அரை மணி நேரம் ஓட முடிகிறதா என்று பயிற்சியில் பார்த்துவிட்டு ஹாஃப் பற்றி யோசியுங்கள். நண்பர்களோடு போக முடியவில்லையே என்று இருந்தால், சில ஹாஃப் ரேஸ்களில் ரிலே உண்டு: ஒருவர் நீந்த, ஒருவர் சைக்கிள் மிதிக்க, ஒருவர் ஓடலாம். நீங்கள் ஓடுகிறவர்தானே, ஓட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.