பாக்ஸுக்குப் போகிற வயர்: பேஸ் கிட்டார்க்காரர்கள் கேட்டவையும் என் பதில்களும்

மாசி பிறந்துவிட்டால் என் மேஜையில் டீ கிளாஸ் வைக்க இடம் இருக்காது. பங்குனிப் பொங்கலுக்குக் கச்சேரி ஒத்துக்கொண்ட குழுக்காரர்கள், சர்ச் தம்பிகள், மைக் செட் வைத்திருப்பவர்கள் என்று ஆளாளுக்கு ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். திறந்து பார்த்தால் ஆம்ப் நன்றாகத்தான் இருக்கும். கோளாறு அதோடு வந்த வயரில் இருக்கும். இந்த முறை வந்த கேள்விகளில் வயர் சம்பந்தப்பட்டவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன். ‘ஹெட்’ என்றால் தனியாக இருக்கும் ஆம்ப், ‘பாக்ஸ்’ என்றால் ஸ்பீக்கர் பெட்டி.

உசிலம்பட்டி, சர்ச்சில் பேஸ் வாசிக்கும் தம்பி: அண்ணே, எங்க ஹெட்டுலயும் பாக்ஸுலயும் பி-38 ஜாக்தான் இருக்கு. கிட்டார் கேபிளும் அதே ஜாக். அதையே ரெண்டுக்கும் நடுவுல போட்டிருக்கோம். சத்தம் நல்லாத்தான் வருது. மாத்தணுமா?

மாற்றணும் தம்பி, இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள்ளேயே.

வீட்டில் கெட்டுப்போன கிட்டார் கேபிள் கிடந்தால் பிளேடால் நெடுக்கக் கீறிப் பாருங்கள். மேலே தடியான ரப்பர். அதற்குள் சல்லடை மாதிரி பின்னிய செம்பு. அதையும் விலக்கினால் பெரும்பாலும் கறுப்பாக ஒரு மெல்லிய உறை. அதற்கும் உள்ளேதான் நடுக்கம்பி, தையல் நூலைவிடக் கொஞ்சம் தடிமன். வெளியே விரல் தடிமன் தெரிவதெல்லாம் ரப்பர். கிட்டாரிலிருந்து வருவது ஒரு வோல்ட்டுக்கும் குறைவான சிக்னல், கரண்ட் என்று சொல்லவே ஒன்றுமில்லை. அதற்கு அந்த நூல் போதும். சுற்றியுள்ள பின்னல், வெளி இரைச்சல் உள்ளே வராமல் தடுக்கும் வேலி.

ஹெட்டிலிருந்து பாக்ஸுக்குப் போவது வேறு சரக்கு. 300 வாட்டை 4 ஓம் பாக்ஸுக்குத் தள்ளினால் வயரில் 8 ஆம்பியருக்கு மேல் ஓடும். நடுக்கம்பி 0.22 சதுர மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மீட்டருக்கு அதன் தடை மட்டுமே கிட்டத்தட்ட அரை ஓம். கணக்குப் போட்டால், முழுச் சத்தத்தில் அந்த நூலுக்குள் 35 வாட் வெப்பமாகப் போகிறது. என் மேஜையில் இருக்கும் சால்டரிங் அயர்னும் 35 வாட்தான்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சோழவந்தான் பக்கம் ஒரு கோயில் கச்சேரியில் பாக்ஸ் வயரை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போய், கைக்குக் கிடைத்த கிட்டார் கேபிளை நானே மாட்டினேன். பத்து மணிக்கு ஆரம்பித்தது. இரண்டு மணி நேரம் ஒரு குறையும் இல்லை. நடுராத்திரிக்கு மேல் குத்துப்பாட்டாக வர ஆரம்பித்ததும் ரப்பர் வெந்த வாடை. ஜெனரேட்டர்காரரைத்தான் எல்லாரும் திட்டினார்கள், நானும் சேர்ந்து திட்டினேன். அப்புறம் பேஸ் மட்டும் பொட்டென்று நின்றது. ஜாக்கைத் தொட்டால் கை சுட்டது. உள் உறை இளகி, நடுக்கம்பி போய்ப் பின்னலைத் தொட்டு ஷார்ட். ஹெட்டில் பாதுகாப்பு சர்க்யூட் இருந்ததால் அது தானே அணைந்து தப்பித்தது.

இப்போது சத்தம் நல்லாத்தான் வருகிறது என்றால் நீங்கள் வால்யூமைக் குறைத்து வைத்து வாசிக்கிறீர்கள், அவ்வளவுதான். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு ஏற்றுவீர்கள் இல்லையா?

தலைகீழாகவும் மாட்டக் கூடாது. பாக்ஸ் வயரைக் கிட்டாரில் போட்டால் எதுவும் எரியாது, ஆனால் வேலி இல்லாததால் ‘ஙொய்ய்’ என்று இரைச்சல் ஏறும். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருப்பதால் பாக்ஸ் வயரின் இரு முனையிலும் சிவப்பு டேப் சுற்றிவிடுங்கள்.

அரசரடி வாசகர்: 500 வாட் ஹெட், 4 ஓம் பாக்ஸ். வயர் எவ்வளவு கனம் வேண்டும்? நண்பர் 4 ஸ்கொயர் எம்.எம். போடச் சொல்கிறார்.

முதலில் நீளத்தைச் சொல்லுங்கள். பேஸ் ஹெட் உட்காரும் இடம் பாக்ஸின் தலை. இரண்டுக்கும் நடுவே ஒரு முழம். நாலு அடி வயர் தாராளம். இதற்கு 4 ஸ்கொயர் போட்டால் பிளக்குக்குள் திணிக்க நீங்கள்தான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

நீளம் கூடினால் கணக்குப் பார்க்கலாம். வளையும் செம்பு வயரில் மீட்டருக்கு 1.5 ஸ்கொயர் என்றால் சுமார் 13 மில்லிஓம், 2.5 என்றால் 8, 4 என்றால் 5. போக ஒன்று, வர ஒன்று என்று இரட்டிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஐந்து மீட்டருக்கு 2.5 ஸ்கொயர் போட்டால் மொத்தத் தடை 0.08 ஓம். 4 ஓம் பாக்ஸுக்கு முன்னால் இது நூற்றுக்கு இரண்டு. 1.5 ஸ்கொயர் என்றாலும் நூற்றுக்கு மூன்றரைக்குள். காதுக்கு இரண்டும் ஒன்றுதான். இருந்தாலும் நான் 2.5 தான் வாங்குவேன். மின்சாரத்துக்காக இல்லை, மேடையில் வயரை மிதிக்கிறவர்களுக்காக.

இருபது மீட்டர் இழுத்தால் கதை மாறும். 1.5 ஸ்கொயரில் அரை ஓமுக்கு மேல் வயரே தின்றுவிடும், ஒரு டெசிபல் போய்விடும். 2.5-இல் முக்கால் டெசிபலுக்குள். 4-இல் அரைக்கும் கீழே. இந்த நிலைமை வந்தால் நான் வயரைத் தடிமனாக்க மாட்டேன், ஹெட்டைத் தூக்கிப் பாக்ஸ் பக்கத்தில் வைத்துவிடுவேன்.

டேம்பிங் ஃபேக்டர் (ஸ்பீக்கரின் ஆட்டத்தை ஆம்ப் பிடித்து நிறுத்துகிற திறன்) வயரால் கெடும் என்று யாராவது பயமுறுத்தினால், ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயிலுக்கே பல ஓம் தடை உண்டு, அதை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

திருமங்கலம் வாசகர்: டவுன்ஹால் ரோட்டில் ஸ்பீக்கர் வயர் என்று கண்ணாடி மாதிரி உறை போட்டு ஒரு சுருள் மலிவாகக் கிடைத்தது. உள்ளே பளபளவென்று இருக்கிறது. நல்லதா?

ஒரு இழையைப் பிரித்து பிளேடால் சுரண்டுங்கள். வெளியே செம்பு நிறமும் உள்ளே வெள்ளையும் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். தடை செம்பைப் போல ஒன்றரை மடங்கு. அதைக்கூட மன்னித்துவிடலாம், ஒரு சைஸ் பெரிதாகப் போட்டால் சரி. ஆனால் நாலு தடவை மடக்கினால் இழை இழையாக ஒடியும், திருகாணிக்குள் நசுங்கும். தினமும் சுருட்டி விரிக்கிற வேலைக்கு ஆகாது.

வெளியே வெள்ளை, சுரண்டினால் உள்ளே செம்பு என்றால் அது ஈயம் பூசிய அசல் செம்பு. நல்ல சரக்கு, திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். கையில் தூக்கிப் பார்த்தாலே பழகியவர்களுக்குத் தெரிந்துவிடும், அலுமினியச் சுருள் பஞ்சு மாதிரி இருக்கும்.

ஸ்பீக்கர் வயர் என்று பெயர் போட்டுத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. எலக்ட்ரிகல் கடையில் ‘ரெண்டு கோர் 2.5 ஸ்கொயர் ஃப்ளெக்சிபிள் ரவுண்டு கேபிள்’ என்று கேளுங்கள். மேலே ஐ.எஸ். 694 என்று அச்சாகி, ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் போதும். வீட்டுச் சுவருக்குள் போடுகிற விறைப்பான கம்பி வேண்டாம்.

மேலூர், மைக் செட் வைத்திருப்பவர்: இருபது வருஷமாக எங்கள் பாக்ஸ் வயருக்கெல்லாம் கரண்டுக்குப் போடுகிற டூ-பின் பிளக்தான். மலிவு, எங்கும் கிடைக்கும். இப்போது வாடகைக்கு எடுக்கும் பேஸ் குழுவினர் முகம் சுளிக்கிறார்கள்.

சுளிக்கட்டும் ஐயா, அவர்கள் பக்கம்தான் நியாயம். உங்கள் கைக்கு எது பாக்ஸ் வயர், எது கரண்ட் வயர் என்று தெரியும். புதிதாக வந்த பையனுக்குத் தெரியாது. இருட்டில் அவன் அந்த பிளக்கை ஜங்ஷன் பாக்ஸில் சொருகினால் 230 வோல்ட் நேராக ஸ்பீக்கருக்குப் போகும். பத்து செகண்டில் காயில் கரியும். வயரின் மறுமுனை பாக்ஸில் மாட்டாமல் யார் கையிலாவது இருந்தால் ஸ்பீக்கரோடு போகாது. இது ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இருக்கிற டூ-பின் எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு ஸ்பீக்கான் (ஸ்பீக்கருக்கென்றே செய்த, திருப்பிப் பூட்டுகிற பிளக்) போடுங்கள்.

ஒத்தக்கடை வாசகி: ஸ்பீக்கான் பிளக்கை நானே மாட்டப் பார்க்கிறேன். ஓட்டையில் 1+, 1-, 2+, 2- என்று நான்கு இருக்கின்றன. என்.எல்.2, என்.எல்.4 என்று இரண்டு வகை வேறு. குழப்பமாக இருக்கிறது.

பேஸ் பாக்ஸுக்கு வழக்கமாக 1+, 1- இரண்டும்தான். மற்ற இரண்டும் காலியாகக் கிடக்கட்டும். உறுதிக்கு பாக்ஸின் பின்னால் எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். என்.எல்.2 என்றால் இரண்டு முனை, என்.எல்.4 என்றால் நான்கு. என்.எல்.2 பிளக், என்.எல்.4 சாக்கெட்டில் போகும். என்.எல்.4 பிளக், என்.எல்.2 சாக்கெட்டில் போகாது.

வேலையைத் தொடங்கும் முன் பின்மூடியை வயரில் கோர்த்துவிடுங்கள். எல்லாம் முறுக்கி முடித்த பிறகு மூடி மேஜையில் கிடப்பதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளாத மெக்கானிக் மதுரையில் கிடையாது. அதன் பிறகு வயரைக் கவ்விப் பிடிக்கிற பல் வைத்த துண்டு. வெளி உறையை இரண்டு சென்டிமீட்டர் உரியுங்கள், உள் கம்பிகளை எட்டு மில்லிமீட்டர். இழைகளைக் கையால் முறுக்கி ஓட்டைக்குள் விட்டுத் திருகாணியை இறுக்குங்கள். ஒரு இழைகூட வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்து முனையைத் தொடக் கூடாது. வெளி உறையும் அந்தப் பல்லுக்குள் அகப்பட வேண்டும். அப்போதுதான் யாராவது காலில் மாட்டி இழுத்தால் இழுவை உறையோடு நிற்கும், கம்பிக்குப் போகாது.

முனைக்கு ஈயம் வைத்துவிட்டுத் திருகாதீர்கள். உறுதியாக இருக்கும் என்று தோன்றும், ஆனால் ஈயம் அழுத்தத்தில் மெல்ல மெல்ல வழிந்து விலகும், ஒரு மாதத்தில் திருகு லூஸாகிவிடும். மனசு கேட்காவிட்டால் பின் லக் (வயர் நுனியில் மாட்டுகிற சின்ன உலோக முனை) போட்டு நசுக்கிக் கிரிம்ப் செய்யுங்கள். ஈயம் பி-38 ஜாக்குக்குத்தான். அங்கே நுனிக்குப் பிளஸ், உடலுக்கு மைனஸ்.

ஸ்பீக்கான் பக்கம் ஒன்று, ஜாக் பக்கம் ஒன்று என்று கலப்பு வயர் செய்வதாக இருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். இப்போது வருகிற கிளாஸ்-டி ஹெட்டுகள் சிலவற்றில் இரண்டு முனையிலும் வோல்ட்டேஜ் இருக்கும், மைனஸ் என்பது எர்த் அல்ல. ஜாக்கின் உலோக உடல் மேடைச் சட்டத்திலோ இன்னொரு மெஷினிலோ பட்டால் ஷார்ட். ஜாக்கில் இன்னொரு தொல்லை, ஆம்ப் ஓடும்போது பாதி உருவினாலே நுனியும் உடலும் ஒரு கணம் ஒட்டிக்கொள்ளும். லீக்டென்ஸ்டைன் என்ற குட்டி நாட்டு நியூட்ரிக் கம்பெனி கொண்டுவந்த ஸ்பீக்கானில் இந்த இரண்டும் கிடையாது. உலோகம் வெளியே தெரியாது, திருப்பினால் பூட்டிக்கொள்ளும். போலி நிறைய உலவுகிறது. கையில் இரண்டு தடவை பூட்டித் திறந்து பாருங்கள், ‘டக்’ என்று விழாமல் கொழகொழவென்று இருந்தால் வேண்டாம்.

அலங்காநல்லூர் தம்பி: ஒரு பாக்ஸ் இருந்தப்ப பேஸ் நெஞ்சுல இடிச்சது. அதே மாதிரி இன்னொண்ணு வாங்கி, வயரும் நானே செஞ்சு மாட்டினேன். ரெண்டும் ஓடுது, ஆனா இடியே இல்ல. பாக்ஸ் மோசமாண்ணே?

பாக்ஸைத் திட்டாதீர்கள், இரண்டு வயரில் ஒன்று தலைகீழ். ஒரு ஸ்பீக்கரின் கோன் (முன்னும் பின்னும் ஆடுகிற கூம்பு) முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கிறது. காற்று நடுவில் அடித்துக்கொண்டு சும்மா போய்விடுகிறது. கீழ் இ தந்தி 41 ஹெர்ட்ஸ், அதன் அலை எட்டு மீட்டர் நீளம். பக்கத்துப் பக்கத்தில் வைத்த இரண்டு பாக்ஸும் அந்த அலைக்கு ஒரே இடம்தான், அதனால் தாழ்ந்த சுரம்தான் முதலில் காணாமல் போகும். மேல் சுரம் பாதிக்கு மேல் தப்பிவிடுவதால் ‘ஓடுது’ என்று தோன்றுகிறது.

ஆம்ப்பிலிருந்து வயரைக் கழற்றி, அந்த முனையில் ஒன்றரை வோல்ட் கடிகார பேட்டரியை ஒரு நொடி தொடவையுங்கள், பிளஸுக்குப் பிளஸ். டார்ச் அடித்துக் கோனைப் பாருங்கள். ‘தொப்’ என்று வெளியே வர வேண்டும். ஒன்று வெளியே வந்து மற்றது உள்ளே போனால் திருடன் அகப்பட்டான். வயர் இரண்டையும் மாற்றி மாட்டி, கோளாறு வயரோடு நகர்கிறதா, பாக்ஸோடு நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்காத ஒன்றும் சொல்கிறேன். இரண்டு 8 ஓம் பாக்ஸ் சேர்ந்தால் 4 ஓம். இரண்டு 4 ஓம் சேர்ந்தால் 2. உங்கள் ஹெட்டின் பின்னால் குறைந்தது 4 ஓம் என்று எழுதியிருந்தால் பின்னது கூடாது.

சிம்மக்கல் வாசகர்: ஆக்சிஜன் இல்லாத செம்பு, தங்க முலாம் பூசிய முனை, இவற்றால் பேஸ் கூடுமா?

கடைக்காரருக்குக் கூடும்.

வாடிப்பட்டி வாசகர்: மிச்ச வயரைச் சுருட்டிப் போட்டால் அது காயில் ஆகி ஹை ஃப்ரீக்வென்ஸி போய்விடும் என்கிறார்கள்.

போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி ஒரே உறைக்குள் ஓடுவதால் ஒன்றின் காந்தத்தை மற்றது அடித்துவிடும். சுருட்டிப் போடுங்கள். தடுக்கி விழாத இடமாகப் போடுங்கள்.

திருப்பரங்குன்றம், ஆர்கெஸ்ட்ரா பேஸிஸ்ட்: என்னுடையது பழைய வால்வு ஹெட். வயரில் ஏதாவது தனிக் கவனம் வேண்டுமா? ஒரு வயர் அசைத்தால் கரகரவென்கிறது, மற்றபடி ஓடுகிறது.

அந்தக் கரகரதான் உங்கள் தனிக் கவனம். டிரான்சிஸ்டர் ஆம்ப்புக்கு ஷார்ட் எமன். வால்வு ஆம்ப்புக்கு வயர் அறுந்து பாக்ஸ் கழன்றுவிடுவதும் எமன். பாக்ஸ் இல்லாமல் தந்தியைத் தட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்ட்டேஜ் எகிறி இன்சுலேஷன் பொத்துவிடும். அதைத் திரும்பச் சுற்றுகிற ஆள் கிடைப்பதற்குள் ஒரு சீசனே போய்விடும். ஸ்டாண்ட்பை போடாமல் வயரை உருவவும் செய்யாதீர்கள்.

கரகரப்பு பெரும்பாலும் பிளக்கை ஒட்டிய அரை அடிக்குள் இருக்கும், அங்கேதான் மடங்கி மடங்கி இழை ஒடிகிறது. மீட்டரை பீப் சத்தத்தில் வைத்து, இரு முனையையும் பிடித்துக்கொண்டு அந்த இடத்தை வளைத்துப் பாருங்கள். பீப் விட்டு விட்டு வந்தால் அங்கிருந்து ஓர் அடி வெட்டி எறிந்துவிட்டு அதே பிளக்கைத் திரும்ப மாட்டுங்கள். பாக்ஸ் மேலே ஹெட் இருக்கும்வரை ஓர் அடி குறைந்தால் யாரும் கேட்கப் போவதில்லை.