மறுமையை நம்பாதவர்களின் வாழ்க்கைப் பிடிப்பு: ஸ்டாக்ஹோமிலிருந்து ஒரு பதில்

தம்பிக்கு வணக்கம். உங்களோடு பணிபுரியும் சுவீடன்காரர் ஒருவர் தம் தாயை இழந்த சில நாள்களில், "இறந்தபின் எதுவும் இல்லை" என்று அமைதியாகச் சொன்னதைக் கேட்டுத் திகைத்ததாகவும், அப்படி எண்ணுபவர்களுக்கு வாழ்க்கையில் என்ன பிடிப்பு இருக்கும் என்றும் கேட்டிருந்தீர்கள்.

நெடுங்காலம் இவர்களிடையே வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பிடிப்புக்கு இங்கே குறைவில்லை. நம் ஊரில் பெற்றோருக்கான கடமைகளில் பெரும்பகுதி அவர்கள் மறைந்த பிறகும் தொடர்கிறது. கொள்ளி வைப்பதும், பதினாறாம் நாள் காரியமும், ஆண்டுதோறும் வரும் திதியும், ஆடி அமாவாசைத் தர்ப்பணமும் உறவு அறுந்துவிடவில்லை என்ற உறுதியை நமக்குத் தருகின்றன. அந்த உறுதி இல்லாத இவர்களில் பலர், செய்ய வேண்டியதை உயிரோடு இருக்கும்போதே செய்து முடிக்க முனைகிறார்கள். முதியவர்கள் தம் பொருள்களைத் தாமே பிரித்துக் கொடுத்து வீட்டை ஒழித்து வைப்பதையும், எரிப்பதா புதைப்பதா, சடங்கில் எந்தப் பாடல் ஒலிக்க வேண்டும் என்பதுவரை எழுதி வைப்பதையும் கண்டிருக்கிறேன்.

இவர்கள் இறந்தவரை மறந்துவிடுகிறார்கள் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். நவம்பர் தொடக்கத்தில் அனைத்துப் புனிதர் நாளன்று ஸ்டாக்ஹோமின் ஸ்கூக்ஸ்ஷிர்க்கோகோர்டன் இடுகாட்டுக்குச் செல்லுங்கள். அஸ்ப்லுண்ட், லெவரென்ட்ஸ் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் பைன் மரக்காட்டுக்குள் வடிவமைத்த அந்த இடுகாடு 1994இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அன்று மாலை குடும்பம் குடும்பமாக வந்து கல்லறைகளில் விளக்கேற்றுவோரில், மறுமை உண்டா என்று கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடியவர்கள் ஏராளம். பெயர்ப்பலகையே இல்லாத பொது நினைவுத் தோப்பில் தம் சாம்பலைப் புதைக்கச் சொல்லிவிட்டுப் போனவர்களுக்காகவும் அங்கே பூ வைக்கிறார்கள். இறந்தவருக்கு அது போய்ச் சேரும் என்ற எண்ணம் இல்லாமலேயே காட்டப்படும் அந்த அன்பைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் இளம் வயதுச் சாவு நேரும்போது இவர்களின் துயரம் மிகக் கொடியதாக இருக்கிறது. விதி என்றோ, இறைவனடி சேர்ந்தார் என்றோ சொல்லி நாம் ஓரளவு தேறிக்கொள்கிறோம். இங்கே பலருக்கு அந்த ஊன்றுகோல் இல்லை. மறுபுறம், எல்லாம் முன்வினை என்று நாம் வாளாவிருந்துவிடும் இடங்களில், இச்சாவைத் தடுத்திருக்க முடியுமா என்று இவர்கள் விடாமல் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை நாமும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மறுமை மறுப்பு நமக்கும் புதிதன்று; பழைய உலகாயதர் முதல் பெரியாரின் சுயமரியாதை இயக்கம் வரை அது நம்மிடையே இருந்து வந்திருக்கிறது. இங்கும் எல்லோரும் மறுப்பவர்கள் அல்லர்: 2000இல் அரசிடமிருந்து பிரிந்த சுவீடன் திருச்சபையில் நாட்டு மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இன்றும் உறுப்பினர்களே.

உங்கள் நண்பரிடம், அவருடைய தாய் நல்லதோர் இடத்தில் இருக்கிறார் என்று சொல்ல வேண்டாம். "யாக் பெக்லாகர் சொர்யென்" என்று அவர்கள் மொழியில் துக்கம் தெரிவித்துவிட்டு, அவருடைய தாய் எப்படிப்பட்டவர் என்று கேளுங்கள். இறுதிச் சடங்கு பெரும்பாலும் சில வாரங்கள் கழித்தே நடக்கும் என்பதால் இன்னும் காலம் இருக்கிறது. நண்பர் அழைத்தால் அடர்நிற உடையில், பெட்டியின்மேல் வைக்க ஒரு பூவோடு தவறாமல் போய் வாருங்கள்.