மலையில் கேமிங் கம்ப்யூட்டர்: கார்டுக்கு முன்னால் கரண்ட்

குறைந்த செலவில் கேமிங் டெஸ்க்டாப் வாங்க நினைக்கும் நீலகிரி, கொடைக்கானல் ஆட்களின் கேள்விகளும் பதில்களும்.

குன்னூர், கல்லூரி மாணவர்: அண்ணா, மானிட்டர் வீட்டுல இருக்கு. சிபியு மட்டும் ஐம்பதாயிரத்துக்குள்ள வேணும். வேலரண்ட், ஜிடிஏ 5, அப்புறம் புது கேம் ஒண்ணு ரெண்டு 1080பி-ல ஓடினா போதும்.

தம்பி, ரைசன் 5 5600 ப்ராசஸர், பி550 மதர்போர்டு, 3200 வேகத்தில் 8 ஜிபி ரேம் இரண்டு, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, ஆர்எக்ஸ் 6600 8 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, 550 வாட் ப்ரான்ஸ் தர எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி). இதை அடிப்படையாக வைத்துக் கொட்டேஷன் கேளுங்கள். கடைக்காரர் ஏ520 போர்டைத் தள்ளிவிடப் பார்ப்பார். ஆர்எக்ஸ் 6600, மதர்போர்டோடு பேசும் பிசிஐஇ பாதையில் எட்டு லேன் (தடம்) மட்டுமே பயன்படுத்தும் கார்டு. ஏ520-இல் பழைய, வேகம் குறைந்த பிசிஐஇ 3.0 மட்டுமே இருப்பதால் கொஞ்சம் வேகம் போகும். பெரிய இழப்பு இல்லை, விலை வித்தியாசம் அதிகமென்றால் ஏ520-யே எடுங்கள். ஆனால் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டுக்கு நாலே லேன். அதைப் பிசிஐஇ 3.0 போர்டில் போட்டால் நன்றாகவே அடி வாங்கும். அதன் மெமரியும் 4 ஜிபிதான். அது வேண்டாம்.

ஆர்டிஎக்ஸ் 3050 என்று சொன்னால் 8 ஜிபியா 6 ஜிபியா என்று கேளுங்கள். பெயர் ஒன்று, சரக்கு வேறு. 6 ஜிபியில் கோர்களும் குறைவு, மெமரி பஸ்ஸும் குறுகல். இரண்டையும்விட ஆர்எக்ஸ் 6600 வேகம்.

2025 கடைசியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறியதில் பழைய கணக்கெல்லாம் உடைந்துவிட்டது. பணம் இடித்தால் முதலில் 5600ஜி எடுத்து, அதிலேயே இருக்கும் கிராஃபிக்ஸை வைத்து வேலரண்ட் ஆடிக்கொண்டிருங்கள், கார்டைப் பிறகு போடலாம். அதற்கும் ஒரு விலை உண்டு: 5600ஜி-யில் எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான சின்ன மெமரி) 16 எம்பி, 5600-இல் 32 எம்பி. பிற்பாடு கார்டு போட்டாலும் 5600 அளவுக்கு வராது. 5600ஜி என்றால் ரேம் கட்டாயம் இரண்டு ஸ்டிக். ஒற்றை ஸ்டிக்கில் உள் கிராஃபிக்ஸ் மூச்சுத் திணறும்.

எதைக் குறைத்தாலும் எஸ்எம்பிஎஸ்ஸைக் குறைக்காதீர்கள். ஏன் என்பது அடுத்த கேள்வியில்.

கூடலூர்: ஆடி மாசம் வந்தா மரம் விழுந்து கரண்ட் போறதும் வர்றதுமா இருக்கு சார். சாயங்காலம் லோ வோல்டேஜ் வேற. வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கே, யூபிஎஸ் தனியா வாங்கணுமா?

சார், மூன்று விஷயம் தனித்தனியாகப் பாருங்கள்.

முதலில் லோ வோல்டேஜ். எஸ்எம்பிஎஸ் பக்கவாட்டு ஸ்டிக்கரில் 100–240 வோல்ட் என்று இருந்தால் 170-க்கு இறங்கினாலும் ஓடும். 200–240 என்று போட்டிருந்தால் உங்கள் ஊருக்கு ஆகாது. கேபினெட்டோடு இலவசமாக வரும் '500 வாட்' டப்பாக்களின் எடையைக் கையில் தூக்கிப் பார்த்தாலே தெரியும், உள்ளே ஒன்றுமில்லை.

இரண்டாவது, கரண்ட் போகும் அந்த நொடி. எஸ்எம்பிஎஸ் தன் கெப்பாசிட்டரில் உள்ளதை வைத்து முழு லோடில் 16, 17 மில்லிசெகண்ட்தான் தாக்குப்பிடிக்கும். இன்வெர்ட்டரில் பின்னாலோ பக்கத்திலோ ஒரு ஸ்விட்ச் இருக்கும், யூபிஎஸ் மோடா சாதா மோடா என்று. சாதா மோடில் மாறுவதற்குள் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். யூபிஎஸ் மோடில் பெரும்பாலும் தாங்கும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் அதில் கம்ப்யூட்டர் போடவே வேண்டாம்.

மூன்றாவது, தனி யூபிஎஸ்ஸின் அளவு. 600 விஏ என்பது சுமார் 360 வாட். மேலே சொன்ன சிபியு கேம் ஓடும்போது கிட்டத்தட்ட 250 வாட் இழுக்கும். மானிட்டரையும் மோடத்தையும் சேர்த்தால் 300 நெருங்கும். கணக்குக்குச் சரி, நடைமுறைக்கு இல்லை. பேட்டரி ஒரு வருடம் பழசானதும் கரண்ட் போன உடனேயே பீப் போட்டுக் கவிழ்ந்துவிடும். 1000 விஏ, லைன் இன்டராக்டிவ், ஏவிஆர் உள்ளதாக எடுங்கள். ஏவிஆர் லோ வோல்டேஜை ஓரளவு தானே தூக்கிக் கொடுக்கும். யூபிஎஸ் வைத்து ஆட்டத்தை முடிக்கலாம் என்று நினைக்காதீர்கள், சேவ் பண்ணி அணைக்கத்தான் அது. ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்டைச் சீராக இழுக்கும் சர்க்யூட்) உள்ள எஸ்எம்பிஎஸ் சில மலிவு யூபிஎஸ்களோடு ஒத்துப்போகாது, பேட்டரிக்கு மாறும்போது அணைந்துவிடும். கடையிலேயே கேம் ஓடவிட்டு பிளக்கைப் பிடுங்கிக் காட்டச் சொல்லுங்கள்.

பந்தலூர்: இடி இடிச்சா யூபிஎஸ் காப்பாத்துமா?

காப்பாற்றாது. யூபிஎஸ் பிளக்கையே சுவரிலிருந்து பிடுங்குங்கள். மோடத்திலிருந்து வரும் லேன் கேபிளையும் கழற்றுங்கள். ஃபைபர் இழையில் மின்சாரம் வராது. ஆனால் மோடத்தின் அடாப்டர் வழியாக ஏறி லேன் வழியாக மதர்போர்டுக்கு வரும்.

கொடைக்கானல்: கேபினெட்டைத் தொட்டா சுர்ருனு இழுக்குது. கடையில 'எல்லா கம்ப்யூட்டரும் அப்படித்தான்'னு சொல்றாங்க அண்ணா.

எர்த் இல்லாத வீட்டில் எல்லா கம்ப்யூட்டரும் அப்படித்தான். அந்த அளவுக்குக் கடைக்காரர் சொன்னது சரி.

எஸ்எம்பிஎஸ் உள்ளே ஃபேஸிலிருந்து ஒன்று, நியூட்ரலிலிருந்து ஒன்று என்று இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் பாடியோடு சேர்ந்திருக்கும். அவை கசியவிடும் துளி மின்சாரம் எர்த் வயரில் இறங்கிப் போக வேண்டும். எர்த் செத்திருந்தால் பாடி 230-இல் பாதி, 115 வோல்ட் பக்கம் மிதக்கும். ஆளைக் கொல்லும் கரண்ட் இல்லை, சுர்ரென்று இழுப்பதோடு சரி. ஆனால் அந்த நிலையில் எச்டிஎம்ஐ கேபிளை டிவியில் சொருகினால் போர்ட் போகலாம். கார்டே கூடப் போகலாம்.

சோதனைக்கு டெஸ்டர் போதாது. எலக்ட்ரீஷியனை வைத்து ஃபேஸுக்கும் எர்த் துளைக்கும் நடுவில் 100 வாட் குண்டு பல்பைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நியூட்ரலில் எரிவது போலவே பிரகாசமாக எரிந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. மங்கலாக எரிந்தாலோ எரியாவிட்டாலோ இல்லை. வீட்டில் ஆர்சிசிபி (மின்கசிவு கண்டால் கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருந்தால் டக்கென்று விழும், எர்த் ஏதோ இருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

ஒரு குறுக்கு வழி சொல்வார்கள்: நியூட்ரலையே எர்த் பின்னுக்கு லூப் அடித்துவிடலாம் என்று. சுர்ர் நின்றுவிடும்தான். நம் மலையில் மரக்கிளை விழுந்து நியூட்ரல் அறுவது அதிசயமா? அறுந்த அந்த நிமிஷம் கேபினெட் முழுக்க 230 வோல்ட் ஏறி நிற்கும். தயவுசெய்து செய்யாதீர்கள். குழி தோண்டி உப்பும் கரியும் போட்டு முறையாக எர்த் இறக்குங்கள். பாறையாக இருந்தால் இரண்டு குழி எடுத்து இணைக்க வேண்டிவரும்.

ஊட்டி, ஃபிங்கர்போஸ்ட்: நம்ம குளிருக்கு தனி கூலர் எதுக்கு? பாக்ஸ்ல வர்ற கூலரே போதும்தானே?

5600-க்குப் போதும். ஆனால் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே வேகத்தில் சுற்றும் ஃபேன் எடுத்துப் போகும் வெப்பமும் அந்த அளவுக்குக் குறையும். அறை 15 டிகிரியில் இருப்பதால் கூட்டிக் கழித்தால் மேட்டுப்பாளையத்து ஆளைவிட நமக்கு லாபம்தான். குளிர்தானே என்று கேபினெட்டை அலமாரிக்குள் பூட்டி வைத்தால் அந்த லாபமும் போச்சு.

கோத்தகிரி: மூடுபனி ஜன்னல் வழியா உள்ளயே வருது. பழைய கம்ப்யூட்டர்ல ரேம் கால் கறுத்து டிஸ்ப்ளே வரல. சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு வச்சா நல்லதா?

காற்று போய்வரும் கேபினெட்டில் சிலிக்கா ஜெல் ஒரு நாள் தாங்காது, வீண்.

ஓடும் கம்ப்யூட்டரில் ஈரம் படியாது, அது அறையைவிடச் சூடு. ராத்திரி முழுக்கச் சில்லிட்டுக் கிடக்கும் இரும்பின்மேல் காலையில் ஈரக்காற்று படும்போதுதான் ஆபத்து. மூடுபனி நுழைந்தாலும் அப்படித்தான், அடுப்படி ஆவி வந்தாலும், ஹீட்டர் போட்டுக் குளியலறைக் கதவைத் திறந்தாலும் அப்படித்தான். குளிர்ந்த கண்ணாடியில் பூப்பது போலவே மதர்போர்டிலும் பூக்கும். அதனால் வெளிச்சுவரை ஒட்டியோ தரையிலோ வைக்காதீர்கள். தரையிலிருந்து ஒரு அடி உயரம், சுவரிலிருந்து நாலு விரற்கடை இடைவெளி. மழை மாதங்களில் கேம் ஆடாவிட்டாலும் தினம் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். ஊருக்குப் போய் வாரக்கணக்கில் பூட்டியிருந்த வீடென்றால், வந்ததும் ஆன் செய்யாமல் அறை சூடான பிறகும் சில மணி நேரம் விடுங்கள்.

கறுத்த ரேமை வீசிவிடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திவிட்டு, ரேமை எடுத்துத் தங்கக் கால்களை வெள்ளை ரப்பரால் மெல்லத் துடையுங்கள். பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் ஒரு இழுப்பு. ரப்பர் தூள் ஸ்லாட்டில் விழக் கூடாது. பத்தில் பாதி 'டிஸ்ப்ளே வரல' இதிலேயே தீரும் என்பது என் கணிப்பு.

அரவங்காடு: பையன் பிளஸ் ஒன் படிக்கிறான். படிப்புக்கும் கொஞ்சம் கேமுக்கும், இருபதாயிரத்துக்குப் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் வாங்கலாமா தம்பி?

வாங்கலாம் அம்மா, மூன்றைப் பார்த்துவிட்டு. ப்ராசஸர் இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல், அதாவது ஐ5-8500 போல எட்டில் தொடங்கும் எண். ஏழு, ஆறு என்றால் விண்டோஸ் 11 முறையாக ஏறாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அடுத்து, ஒல்லிப் பெட்டி வேண்டாம், டவராகக் கேளுங்கள். ஒல்லிப் பெட்டியில் குட்டை கார்டு மட்டுமே நுழையும். கடைசியாக, இந்தப் பிராண்ட் பெட்டிகளில் எஸ்எம்பிஎஸ்ஸும் அதன் கனெக்டரும் பெரும்பாலும் தனி ரகம், வெளியில் வாங்கிப் போட்டால் பொருந்தாது. ஆகவே தனியாகப் பவர் வயர் கேட்காத கார்டாக, ஜிடிஎக்ஸ் 1650-இல் அந்த மாடலோ ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபியோ, பின்னால் போட வேண்டும்.

பையன் வேலரண்ட் கேட்டால் விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்கில்) ஆன் ஆகியிருக்க வேண்டும். அவனுக்கே தெரிந்திருக்கும்.

மஞ்சூர்: நெட் 10 எம்பிபிஎஸ்தான். இதுக்கு கேமிங் பிசி வாங்குறது வேஸ்ட்டா?

ஆடுவதற்கு அது தாராளம். கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-க்குச் சென்னையிலேயே சர்வர் இருக்கிறது, வேலரண்டுக்கு மும்பை. கஷ்டம் டவுன்லோடில்தான்: 100 ஜிபி கேம் 10 எம்பிபிஎஸ்ஸில் இடைவிடாமல் இறங்கினாலே 22 மணி நேரம். கோவையில் நண்பர் வீட்டில் உங்கள் ஸ்டீம் கணக்கில் இறக்கி, கேம் ஃபோல்டரை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் கொண்டுவந்து, ஸ்டீம் லைப்ரரி ஃபோல்டரில் போட்டு இன்ஸ்டால் கொடுங்கள். இருப்பதைச் சரிபார்த்து மிச்சத்தை மட்டும் இறக்கும்.

பூம்பாறை: மதுரைல அசெம்பிள் பண்ணி பஸ்ல கொண்டுவரலாமா, ஆன்லைன்ல வாங்கலாமா?

மதுரையிலேயே வாங்குங்கள். ஒன்று பழுதானால் வாரண்டிக்குக் கீழேதான் இறங்க வேண்டும், பில் போட்ட கடை ஒன்றாக இருந்தால் அலைச்சல் பாதி. ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் பில்லில் இருக்கட்டும். பெட்டிகளை எறியாதீர்கள்.

கடையில் அசெம்பிள் செய்து, ஒரு மணி நேரம் கேம் ஓட்டிப் பார்த்தபின், கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றி அதன் பெட்டியிலேயே தனியாக எடுத்து வாருங்கள். வத்தலகுண்டு தாண்டியதும் வரும் வளைவுகளிலும் குலுக்கலிலும் முக்கால் கிலோ கார்டு ஸ்லாட்டில் தொங்கிக்கொண்டு வந்தால் ஸ்லாட்டோ லாக்கோ உடையும். கேபினெட்டை மதர்போர்டு தரையைப் பார்க்கும்படி படுக்க வையுங்கள், கூலர் அதன்மேல் நேராக உட்காரும். பின்சீட்டு வேண்டாம், அங்கேதான் அதிகம் தூக்கிப் போடும்.

வீட்டில் கார்டைப் போட்டு ஆன் செய்ததும், 'எவ்வளவு செலவு பண்ணியும் கேம் ஓடவே இல்லை' என்று தோன்றினால், எச்டிஎம்ஐ கேபிள் மதர்போர்டில் சொருகியிருக்கிறதா கார்டில் சொருகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கார்டில்தான் சொருக வேண்டும். பிறகு பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்) ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் 3200 ரேம் 2133-லோ 2400-லோ நொண்டும். கடையில் இதை மறந்துதான் அனுப்புவார்கள்.