எமர்ஜென்சியில் ஏன் இத்தனை நேரம்? பெங்களூரு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

அப்பாவைக் கால் முறிவோடு கூட்டிப்போனோம். எங்களுக்குப் பின்னால் வந்தவர்களை முதலில் உள்ளே எடுத்தார்கள். வரிசையே கிடையாதா? (அல்சூர்)

வந்த நேரத்தை வைத்து இங்கே வரிசை போடுவதில்லை. நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்ஸிஜன் அளவு, நினைவு இவற்றைப் பார்த்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வாசலிலேயே பிரித்துவிடுவார்கள். ரத்த ஓட்டம் கெடாத எலும்பு முறிவு பெரும்பாலும் சிவப்பில் வராது. ஆனால் இந்தப் பிரிவு பிறகு மாறக்கூடும். கால் விரல்கள் வெளுத்தாலோ, சில்லிட்டாலோ, மரத்துப்போனாலோ உடனே நர்ஸிடம் போய் அதைச் சொல்லுங்கள். "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டால் பதில் மட்டும்தான் வரும், "விரலில் உணர்ச்சி இல்லை" என்றால் மறுபடி வந்து பார்ப்பார்கள். ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால் டாக்டரைக் கேட்காமல் காபிகூடக் கொடுக்க வேண்டாம்.

அம்மாவுக்கு அட்மிஷன் போட்டாகிவிட்டது. ஆனாலும் மறுநாள் வரை கேஷுவாலிட்டி ஸ்ட்ரெச்சரில்தான் படுத்திருந்தார். கொரோனா ஓய்ந்த பிறகும் ஏன் இந்த நெரிசல்? (லிங்கராஜபுரம்)

சளி, காய்ச்சல் என்று வருகிறவர்களால்தான் நெரிசல் என்று பலர் நினைக்கிறார்கள். அவர்கள் மருந்துச் சீட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், ஸ்ட்ரெச்சரைப் பிடிப்பதில்லை. அடைப்பு மேலே வார்டில் இருக்கிறது. அங்கே பெட் காலியானால்தான் கீழே இருப்பவர் ஏற முடியும். காலை ரவுண்ட்ஸில் டிஸ்சார்ஜ் என்று சொன்னாலும் சம்மரி, பில், இன்ஷூரன்ஸ் அனுமதி எல்லாம் முடிய மாலை ஆகிவிடுகிறது. கேஷுவாலிட்டிக்கு நோயாளிகள் வருவதோ அதற்காகக் காத்திருப்பதில்லை.

கொரோனா காலத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனையை விட்டவர்கள் பலர் பின்னாளில் முற்றிய நிலையில் வந்தார்கள். அப்படிப்பட்டவர்கள் வார்டில் தங்கும் நாளும் கூடுதல். கட்டிலும் வென்டிலேட்டரும் வாங்கினால் மட்டும் போதாது. வென்டிலேட்டரில் இருப்பவர் ஒருவருக்கு ஒரு நர்ஸ் வேண்டும். ஆள் இல்லாத பெட்டை "இருக்கிறது" என்று கணக்குக் காட்டுவது நோயாளிக்குச் செய்யும் அநியாயம்.

இந்தக் காத்திருப்பில் உண்மையான ஆபத்து, நோயாளி இரண்டு டீமுக்கும் நடுவில் விடுபட்டுப்போவதுதான். அதனால் மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: இப்போது பொறுப்பு கேஷுவாலிட்டி டாக்டரா, வார்டு டாக்டரா? ஆன்டிபயாடிக்கின் முதல் டோஸ் எத்தனை மணிக்குப் போட்டார்கள், அடுத்தது எப்போது? வீட்டில் எடுக்கும் இன்சுலின், வலிப்பு மாத்திரை, பார்கின்சன் மாத்திரை சார்ட்டில் ஏறியிருக்கிறதா? அதிகம் தவறுவது இந்தக் கடைசி விஷயம்தான். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கச் சொல்லுங்கள். குறுகலான ஸ்ட்ரெச்சரில் முதுகுப் புண் சீக்கிரம் வந்துவிடும்.

உங்கள் வீட்டு ஆள் டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் இன்னொன்று: கேஷ்லெஸ் என்றால், ஆஸ்பத்திரி கேட்ட 3 மணி நேரத்துக்குள் இன்ஷூரன்ஸ் நிறுவனம் இறுதி அனுமதி தர வேண்டும் என்பது 2024 முதல் ஐஆர்டிஏஐ (இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம்) விதி. தாமதித்தால் அதைச் சொல்லிக் கேளுங்கள். அந்த பெட்டுக்காகக் கீழே ஒருவர் காத்திருப்பார்.

நெஞ்சுவலிக்கு எடுத்த முதல் இசிஜி நார்மல். ஆனாலும் மணிக்கணக்கில் உட்கார வைத்தார்கள். கிளம்பியிருக்கலாமோ? (எஜிபுரா)

கூடாது. நெஞ்சுவலிக்கு வந்த 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் கேளுங்கள். ஆனால் முதல் இசிஜி நார்மல் என்பதால் மாரடைப்பு இல்லை என்று ஆகிவிடாது. இதயத் தசை பாதிக்கப்பட்டால் வெளிவரும் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் ஏற நேரம் பிடிக்கும், அதனால்தான் சில மணி நேரம் விட்டு மறுபடி ரத்தம் எடுக்கிறார்கள். அந்தக் காத்திருப்பும் சிகிச்சைதான்.

டெபாசிட் கட்டாமல் தொட மாட்டோம் என்றால்? (சிவாஜிநகர்)

உயிர் காக்கும் முதல் சிகிச்சையைத் தர வேண்டிய கடமை அரசு, தனியார் டாக்டர் எல்லோருக்கும் உண்டு என்று 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விபத்து கேஸ், போலீஸ் வரட்டும் என்று நிறுத்தி வைக்கவும் கூடாது. கேஷியரிடம் வாதாட வேண்டாம். பணியிலிருக்கும் டாக்டரைக் கேளுங்கள், மறுத்தால் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பக்கவாதம், தலைக்காயம் எதுவானாலும் நேராக நிம்ஹான்ஸ் (பெங்களூருவின் மூளை, நரம்பு, மனநல ஆஸ்பத்திரி) தானே? (ஸ்ரீராமபுரம்)

மூளை, நரம்பு மட்டும் என்றால் சரி. தலைக்காயத்தோடு வயிறு, மார்பிலும் அடிபட்டிருந்தால் எல்லா அறுவைப் பிரிவும் உள்ள ஆஸ்பத்திரிக்கு முதலில் போக வேண்டும். உள்ளே ரத்தம் கசிவதை அங்கேதான் நிறுத்த முடியும். பக்கவாதத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக 4.5 மணி நேரம்தான் கெடு. அதுவும் அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து கணக்கு, நீங்கள் பார்த்த நேரத்திலிருந்து அல்ல. 108-ஐ அழைத்ததும் அந்த நேரத்தைச் சொல்லுங்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதையும் சொல்லுங்கள். சிடி ஸ்கேன் இல்லாத பக்கத்து நர்சிங் ஹோமில் நிறுத்தினால், அந்தக் கெடு அங்கேயே கரைந்துவிடும்.