13 அடி ஆர்.வி.யும் ஸ்கைலைன் டிரைவும்

வணக்கம். 13 அடி உயர ஆர்.வி.யில் (தங்கும் வசதியுள்ள வண்டியில்) ஏப்ரலில் அமெரிக்காவின் வர்ஜீனியாவிலுள்ள ஃபிரன்ட் ராயலிலிருந்து ஸ்கைலைன் டிரைவ் என்ற மலைச்சாலை முழுவதையும் ஓட்டிவிட்டு, அப்படியே அதன் தெற்கு முனையில் தொடங்கும் புளூ ரிட்ஜ் பார்க்வே என்ற மலைச்சாலையில் சேர முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முழுவதும் முடியாது. தார்ன்டன் கேப் (கணவாய்) நுழைவாயிலுக்குச் சற்றுத் தெற்கே உள்ள மேரிஸ் ராக் சுரங்கத்தின் உயரம் 12 அடி 8 அங்குலம்தான் என்பதால், தார்ன்டன் கேப்பிலேயே வெளியேறி, லூரே வழியாகப் பள்ளத்தாக்கில் சென்று, ஸ்விஃப்ட் ரன் கேப்பில் மீண்டும் மலையேறுவதே சரி. அங்கிருந்து வடக்கே பிக் மெடோஸ் வரை போய்த் திரும்பினால், விட்டுப்போன பகுதியில் பாதிக்குச் சற்றுக் குறைவாகப் பார்த்துவிடலாம்.

பார்க்வேயிலும் 26 சுரங்கங்கள் உண்டு. வளைந்த கூரையுள்ளவற்றில் ஓரத்தில் உயரம் குறையும் என்பதால், கூரை ஏசியின் மேல்மூடி வரை நாடா பிடித்து அளந்துகொள்ளுங்கள். ஏப்ரலில் அடிவாரம் பூத்திருக்கும்போதே உச்சி மரங்கள் இலையின்றி நிற்கும். உறைபனி கண்டால் சாலையை மூடிவிடுவார்கள். என்னைக் கேட்டால், மே மாதமே மேல்.